ஓடைக்கரைப் புள்ளிகள்

ஆற்றை யாரோ பூட்டி வைத்திருந்தார்கள்.

செண்பகவல்லி மறுபடியும் திறந்து பார்த்தாள். திரையில் அதே வாசகம்தான் வந்தது. 'இந்தப் பகுதியில் வேறொருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார். நீங்கள் பார்க்கலாம், மாற்ற முடியாது.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில் அந்த வேறொருவரின் பெயர்: ஆக்னஸ் மேரி.

பூட்டு இருப்பது ஒன்றும் புதிதல்ல. கொம்பேறி அணையிலிருந்து கடல் வரைக்கும் மணலாறு முழுவதும், மதகு, ஓடை, தெரு, வீடு என்று எதுவும் விடாமல், ஒரே கோப்பாகச் சென்னைக்குத் தெற்கே நிறுவனத்தின் சேமிப்புக் கிடங்கில் இருந்தது. யாரும் அதை முழுதாக இறக்கிக்கொள்ள முடியாது. அவ்வளவு பெரியது. செண்பகவல்லி கோவில்பட்டியில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். ஆக்னஸ் வத்தலக்குண்டுக்கு மேலே மலைச்சரிவில் ஒரு வீட்டில். இப்படி ஊர் ஊராகப் பலர் இருந்தார்கள். எல்லாருக்கும் நிறுவனம் ஆளுக்கொரு கணினிப் பெட்டி கொடுத்திருந்தது. எந்தத் துண்டில் வேலையோ அந்தத் துண்டு மட்டும் கிடங்கிலிருந்து பெட்டிக்கு வரும். திருத்தி முடித்ததும், கிடைக்கிற இணைப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பிப் போய்ச் சேரும். ஒரே துண்டில் இரண்டு பேர் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் பூட்டு. அவர்கள் யாரும் அதைக் கோப்பு என்று சொல்வதில்லை. ஆறு என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் இந்தத் துண்டு ஓடைக்கரை. போன வருஷத்துக்குப் பிறகு ஆக்னஸ் அக்கா அந்தப் பெயரை வாயால்கூடச் சொன்னதில்லை.

போன ஐப்பசியில் ஓடைக்கரையில் ஒரு செங்கல் சூளை புதிதாக முளைத்திருந்தது. வேலைக்கு வந்தவர்கள் குடும்பம் குடும்பமாகக் குடிசை போட்டிருந்தார்கள். ட்ரோன் எடுத்த படத்தில் கொடியில் காயும் துணிகள்கூடத் தெரிந்தன. செண்பகவல்லிதான் பார்த்துச் சேர்த்தாள். குடிசைக்கு ஒரு கட்டம், ஆளுக்கு ஒரு புள்ளி. அன்றைக்கு அந்தத் துண்டு முதலில் ஆக்னஸின் கையில்தான் இருந்தது. மலையில் மழை கொட்டி இணைப்பு அறுந்து போக, வெகுநேரம் சத்தமில்லாததால் பூட்டு தானாக அவிழ்ந்தது. அந்த இடைவெளியில் செண்பகவல்லி சேர்த்துச் சேமித்தாள். பிறகு ஆக்னஸுக்கு இணைப்பு திரும்பியது. ஒரு பாலத்தின் உயரத்தைத் திருத்தி வைத்திருந்த அவளுடைய பழைய துண்டு மேலே போகக் காத்திருந்தது. 'உங்கள் பிரதியை வைத்துக்கொள்ளவா?' என்று பெட்டி கேட்டது. தினமும் பலமுறை கேட்கிற கேள்வி. ஆக்னஸ் ஆமாம் என்று அழுத்தினாள்.

கடைசியாகச் சேமித்தவர் பிரதிதான் நிற்கும். குடிசைகள் போயின. அன்று சாயங்காலம் அணையிலிருந்த இயந்திரம் ஆற்றைப் பார்த்தது. ஓடைக்கரை ஆளில்லாத பொட்டலாகத் தெரிந்தது. அந்தப் பக்கத்து மதகைத் திறந்துவிட்டது. குடிசைகளில் இருந்த யாரும் பிழைக்கவில்லை.

விசாரணை நடந்தது. 'இணைப்புக் கோளாறு' என்று முடித்தார்கள். யாரும் எந்த விதியையும் மீறியிருக்கவில்லை. ஆக்னஸுக்கு வேலை போகவில்லை. போயிருந்தால் அவள் கொஞ்சம் தேறியிருப்பாளோ என்று செண்பகவல்லிக்குச் சில சமயம் தோன்றும்.

இப்போது புரட்டாசி. மழைக்கு முந்தைய சரிபார்ப்பில் ஓடைக்கரை செண்பகவல்லியின் பங்குக்கு வந்திருந்தது. மாற்றத்தான் முடியாது, பார்க்கலாமே என்று துண்டைப் பெரிதாக்கினாள்.

அங்கே ஓர் ஊர் இருந்தது.

குடிசைகள் இருந்த இடத்தில் இரண்டு தெருக்கள், தெருக்களின் முடிவில் ஒரு பள்ளிக்கூடம். வீடுகள் நிறையப் புள்ளிகள், அதிலும் குழந்தைப் புள்ளிகள்தான் ஏராளம். சூளைக்காரன் மறுபடி ஆள் கொண்டுவந்துவிட்டானா? அவசரமாக ட்ரோன் படத்தை எடுத்துப் பார்த்தாள். வேலிக்கருவையும் உடைந்த சூளைச் சுவரும்தான் இருந்தன. ஒரு கூரை கிடையாது.

ஆக்னஸுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. அன்றைக்கு முழுக்க அப்படித்தான்.

மறுநாள் புருஷனிடம் ஒரு வேலை என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். இத்தனை வருஷம் மணலாற்றில் வேலை பார்த்தவள், அதைக் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஓடைக்கரைக்கு எதிர்ப்பக்கம் அந்தோணியார் காலனி நிறுத்தத்தில் இறங்கினாள். தெருவெல்லாம் சேறு. வீட்டு வாசல்களில் பாய், மெத்தை, அரிசி மூட்டை, பள்ளிக்கூடப் புத்தகங்கள் எல்லாம் வெயிலில் கிடந்தன. டீக்கடையில் இருந்த பெண் மூங்கில் கூடையால் சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள். பேச்சி என்று பெயர் சொன்னாள்.

"என்னக்கா இது, இங்க மழையே இல்லையே?"

"மழை மலையிலதாம்மா. அணையில கொஞ்சமாத் தெறந்தாங்களாம். எல்லாம் இந்தப் பக்கமே வந்துருச்சு. எங்க மாமனாரு எந்திரிக்க மாட்டாரு. கட்டிலோட தூக்கி மாடியில வெச்சோம். முன்னெல்லாம் இப்பிடி வராது. அந்தால போயிரும்." அவள் கை காட்டிய இடம் ஓடைக்கரை. "அங்க ஒரு குஞ்சு குருவி இல்ல. தண்ணி ஏன் அத விட்டுட்டு இங்க வருதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. சாமிக் குத்தம்கிறாங்க."

"சாமி இல்லக்கா. மிசின்."

"மிசினா?"

செண்பகவல்லி பெஞ்சில் உட்கார்ந்தாள். "அணையில ஆளே கிடையாதுக்கா. மிசின்தான் திறக்கும். எந்தப் பக்கம் ஆளு கம்மின்னு பார்க்கும். வெறும் தலைக்கணக்கு மட்டுமில்ல. சின்னப்புள்ள, வயசாளி, உங்க மாமனார் மாதிரி படுத்த படுக்கையா இருக்கிறவங்க, ஓட முடியாதவங்கன்னா கணக்குல எடை கூட. ஓடித் தப்பிக்கிறவங்கன்னா கம்மி. எந்தப் பக்கம் எடை குறைவோ அந்தப் பக்கம் தண்ணியத் திருப்பும்."

பேச்சி கூடையைக் கீழே வைத்தாள். "அப்ப எங்களவிட அந்தப் பொட்டக்காட்டுக்கு எடை கூடவா?"

செண்பகவல்லி டீயைக் குடிக்காமலேயே எழுந்து, ஓடைப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். கருவை முள் புடவையை இழுத்தது. படத்தில் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் ஒரு பழைய எவர்சில்வர் தட்டு மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. கிழக்கே, சூளைச் சாம்பலையும் உடைந்த கல்லையும் கொட்டிக் கொட்டி உயர்ந்த ஒரு மேடு. அவ்வளவுதான் ஊர்.

அங்கே நின்றபடியே மறுபடி போன் போட்டாள். இந்த முறை ஆக்னஸ் எடுத்தாள்.

"அக்கா, நான் ஓடைக்கரையில நிக்கிறேன்."



"எப்படி இருக்கு புள்ள?"

"எப்படி இருக்கும்? முள்ளுக்காடா இருக்கு. நீங்க என்னக்கா செஞ்சு வெச்சிருக்கீங்க?"

"முதல்ல அவங்கள மட்டுந்தான் வெச்சேன்." ஆக்னஸின் குரலில் பதற்றமே இல்லை. வேலை விவரம் சொல்வதுபோலச் சொன்னாள். "நீ போட்டிருந்தது பழைய பிரதியில இருந்துச்சுல்ல, அதுலருந்து எடுத்தேன். நான் அழிச்சதுதானே, திரும்ப வெப்போம்னு தோணுச்சு. படத்துலயாவது இருக்கட்டும். பேப்பர்ல பேரு போட்டிருந்தான். முருகாயின்னு ஒரு பொண்ணு, மாசமா இருந்துச்சாம். அதுக்கு வைகாசியில பிறந்திருக்கும். அதனால ஒரு புள்ளி வெச்சேன். அப்புறம் அண்ணன்காரனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். சூளையில நல்லா சம்பாதிச்சிருந்தா சொந்தக்காரங்களக் கூட்டிட்டு வந்திருப்பாங்க. அம்புட்டுப் பிள்ளைக இருந்தா பள்ளிக்கூடம் வேணாமா?"



"அக்கா, தண்ணி அவங்களச் சுத்திப் போகுதுக்கா."

"போகட்டும். இந்தத் தடவையாவது சுத்திப் போகட்டும்."

"சுத்திப் போயி உயிரோட இருக்கிறவங்க வீட்டுக்குள்ள நுழையுது. இப்பத்தான் பார்த்துட்டு வந்தேன். ஒரு கிழவர கட்டிலோட தூக்கி மாடியில வெச்சிருக்காங்க. இது புரட்டாசித் தண்ணி. ஐப்பசியில என்ன ஆகும்? பூட்ட விடுங்க. நான் எடுத்துடுறேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"எடுத்துடுறேன்னா?"

"அழிச்சிடுறேன்."

"நான் ஒரு தடவை அழிச்சாச்சு வல்லி. இன்னொரு தடவை அவங்கள அழிக்க விடமாட்டேன்." அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "உனக்குப் புரியாது. உன் கை அழுத்தல."

போனை வைத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் செண்பகவல்லி யோசித்துக்கொண்டே வந்தாள். ஆக்னஸும் அவளும் சேர்ந்து வேலை பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. காலையில் இருவரும் திரையில் முகம் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வேலை தொடங்குவார்கள். செண்பகவல்லிக்கு முதல் கரு கலைந்தபோது புருஷனுக்கு முன்னால் ஆக்னஸிடம்தான் சொன்னாள். அவளைக் காட்டிக் கொடுக்க வேண்டுமா? இரண்டு நாள் தள்ளினாள். மூன்றாம் நாள் வானிலை அறிக்கையில் மலைக்கு மேலே பெரிய மேகச் சுழல் ஒன்று காட்டினார்கள். அவள் ஸ்ரீவத்சனை அழைத்தாள்.

ஸ்ரீவத்சன் அவர்களுடைய மேலாளர். நல்ல மனிதர்தான். கேட்டு முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"ஒரு வருஷமாவா இருக்கு?" என்றார் கடைசியில்.

"ஆமா சார். நம்ம யாரும் பார்க்கல. அந்தத் துண்டை அவங்கதான் பூட்டி வெச்சிருந்தாங்க. அப்பப்ப திறந்து மூடி, பூட்டு அவிழாமப் பார்த்துக்கிட்டாங்க."

"இது வெளிய போச்சுன்னா என்ன ஆகும்னு தெரியுமா? போன வாரத் தண்ணிக்கும் பதில் சொல்லணும். அரசாங்கம் நம்மள அணைப் பக்கமே விடாது." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நான் பூட்டை உடைச்சு விடறேன். நீங்களே சுத்தம் பண்ணிடுங்க. அவங்க பெட்டியோட தொடர்பையும் இன்னைக்கே துண்டிச்சிடறேன்."

"சார், அவங்க தப்பான ஆளு இல்ல. ஒரு டாக்டர்கிட்ட..."

"எல்லாம் பார்த்துக்கலாம். முதல்ல ஆத்தைச் சரி பண்ணுங்க."

அன்று பகல் முழுக்க செண்பகவல்லி அந்த ஊரை அழித்தாள். மொத்தமாக அழிக்க முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் காரணம் கேட்கும். இடம்பெயர்ந்தனர், கட்டடம் இடிந்தது, தவறான பதிவு என்று மூன்றே காரணங்கள். பள்ளிக்கூடத்துக்குத் தவறான பதிவு. இரண்டாவது தெருவுக்கும் அதுவே. பழைய குடிசைகளுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. அவள் கையால் போட்ட கட்டங்கள் அவை. அவை தவறான பதிவு இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இடம்பெயர்ந்தனர் என்று அழுத்தினாள். ஒரு குடிசையில் ஒரு பெண் புள்ளியை ஒட்டி மிகச் சின்னதாக இன்னொரு புள்ளி இருந்தது. அதைக் கடைசியில்தான் எடுத்தாள்.

ஓடைக்கரை மறுபடி பொட்டலானது. சேமித்தாள். இந்த முறை யாருடைய பிரதியும் அதன் மேல் வந்து விழவில்லை.

சுழல் வலுத்தது மறுநாளுக்கு மறுநாள் காலையில். மலையில் கொட்டித் தீர்த்தது. அணை மளமளவென்று நிரம்புவதைத் திரையில் பார்த்தபடி செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். காலனி பத்திரம் என்பது ஒன்றுதான் ஆறுதல். அப்போது போன் அடித்தது. ஆக்னஸ்.

"வல்லி, நீ சொன்ன மாதிரிதான் இருக்கு. ஒரே முள்ளு."

செண்பகவல்லிக்கு முதலில் பிடிபடவில்லை. "எங்கருந்து பேசுறீங்க?"

"ஓடைக்கரைக்கு வந்தேன். பெட்டியில இப்ப ஒண்ணும் தெரியலல்ல. நேராவே பார்த்துட்டுப் போவோம்னு. மெழுகுவத்தி வாங்கிட்டு வந்தேன், காத்துல நிக்க மாட்டேங்குது."

"அக்கா!" செண்பகவல்லி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "மலையில கொட்டுதுக்கா. மதகு எந்த நேரமும் திறக்கும். அந்தப் பக்கந்தான் திறக்கும்!"

"இங்க ஒரு தூத்தல்கூட இல்லையே. அபாயச் சங்கும் ஊதலையே."

"ஆளில்லாத இடத்துக்குச் சங்கு ஏதுக்கா?"

ஒரு கையால் ட்ரோனின் வெப்பப் படத்தை எடுத்தாள். உடைந்த சூளைச் சுவரை ஒட்டி, சாம்பல் நிறத்துக்கு நடுவே, ஒரே ஒரு சூடான பொட்டு. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஓடைக்கரைத் துண்டைத் திறந்தாள். நல்லவேளை, பூட்டு இல்லை. அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். பெட்டி விவரம் கேட்டது. பெண். நடுவயது. ஓட முடியுமா? முடியும். சேமித்தாள். இணைப்பு இழுத்துக்கொண்டே போனது. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. இயந்திரம் புதிய கணக்குப் போட்டது. முடிவில் மாற்றமில்லை என்று வந்தது.

"என்ன புள்ள சத்தத்தையே காணோம்?"

"உங்களுக்குப் புள்ளி வெச்சேன்கா."

"மாறுச்சா?"

செண்பகவல்லி சேமிப்பை மறுபடி அழுத்திப் பார்த்தாள்.

"மாறாது," என்றாள் ஆக்னஸ். "அந்தப் பக்கம் ஊரு இருக்குல்ல. மிசின் சரியாத்தான் பார்த்திருக்கு."

"பேசிக்கிட்டு நிக்காதீங்க. கிழக்கால பாருங்க, சூளைச் சாம்பல் கொட்டின மேடு தெரியுதா? கிட்டத்தான். அதுல ஏறிட்டா தண்ணி வராது. ஓடுங்கக்கா!"

"ஓடறதா..." ஆக்னஸ் மெல்லச் சிரித்தாள். "தெரியுது, தெரியுது. சரி புள்ள, போறேன். நீ வெச்சிடு."

"வெக்க மாட்டேன். போன கையிலயே வெச்சுக்கிட்டு ஓடுங்க."

"கை ரெண்டும் வேணும் தாயி," என்றாள். இணைப்பு அறுந்தது.

முள்ளை விலக்கக் கை வேண்டும் என்றுதான் செண்பகவல்லி நினைத்துக்கொண்டாள். ஸ்ரீவத்சனை அழைத்தாள். அவர் அணைக்கட்டுப்பாட்டு அறையை அழைத்தார். மதகு ஏற்கெனவே திறந்தாயிற்று, நடுவில் மூடினால் அணைக்கே ஆபத்து என்று பதில் வந்தது. போலீஸுக்குச் சொன்னார்கள். செண்பகவல்லி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சூடான பொட்டு மேட்டை நோக்கி நகர்ந்தது. ரொம்ப மெதுவாக நகர்ந்தது. "ஏன்க்கா நடக்கிறீங்க, ஓடுங்களேன்," என்று அவள் திரையைப் பார்த்துக் கத்தினாள். கீழே இருந்து புருஷன் என்னமோ ஏதோவென்று மாடிக்கு ஓடிவந்தான். பொட்டு மேட்டடிவாரம் போய்ச் சேர்ந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு படம் முழுக்கத் தண்ணீரின் ஒரே நிறம்தான்.

காலனிக்குள் அன்று ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

மலைச்சரிவில் ஆக்னஸின் வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. சாலை வரைக்கும் ஆட்கள் நின்றிருந்தார்கள். செண்பகவல்லி மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த அறை அவளுக்குப் பழக்கமானது. ஜன்னல், பச்சைச் சுவர், சுவரில் மாதாவின் படம் எல்லாம் தினமும் அக்காவின் தலைக்குப் பின்னால் தெரிந்தவை. மேஜைக்குக் கீழே எப்படி இருக்கும் என்பதுதான் அவள் பார்த்ததில்லை.

சவப்பெட்டி அடைத்தே இருந்தது. பக்கத்தில் நின்ற ஆக்னஸின் அண்ணன் சவரிமுத்து, "நீங்க?" என்று கேட்டார்.

"அக்கா கூட வேலை பார்த்தேன்."

"கோவில்பட்டித் தங்கச்சியா? உங்களப் பத்திச் சொல்லும்." அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். பிறகு குனிந்து, பெட்டிக்குப் பின்னால் சுவரோரமாக இருந்ததை எடுத்து அதன் மேல் வைத்தார். கம்பியும் தோல்வாரும் பிணைத்த ஒற்றைப் பூட்ஸ். கூடவே கக்கத்தில் வைத்துக்கொள்கிற இரண்டு கட்டைகள். ஒன்றின் முனையில் சாம்பல் சேறு இன்னும் காயவில்லை.

செண்பகவல்லி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாலை அவள் கையிலேயே இருந்தது.

"சின்ன வயசுல போலியோ வந்தது," என்றார் சவரிமுத்து. "வெளியூரே போகமாட்டா. பஸ் ஏற எறங்க யாராச்சும் கை குடுக்கணும். அன்னிக்கு எப்படித்தான் அம்புட்டுத் தூரம் போனாளோ." கட்டை ஒன்றை நேராக நகர்த்தி வைத்தார். "போலீஸ்காரங்க வந்து கேக்கறாங்க, பக்கத்துலயே மேடு இருந்துச்சே, ஓடி ஏறியிருக்கலாமேன்னு. இந்தக் காலோட எப்படிம்மா ஓடுவா?"

"எனக்குத் தெரியாதுண்ணே," என்றாள் செண்பகவல்லி.